நான்கு கட்டம்... இரண்டு எழுத்து!

பிள்ளைகளே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

தாளில் வரிசையாக நான்கு கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில் ‘ம்’ என்று எழுதுங்கள். நான்காவது கட்டத்தில் ‘பு’ என்று எழுதுங்கள். முதல் இரண்டு கட்டமும் காலி. அந்த இரண்டையும் நிரப்பி, பொருள் உள்ள சொல்லாக எத்தனை எழுத முடியும்? ஐந்து நிமிடம் தருகிறேன். அக்கா எழுதுவதை எட்டிப் பார்க்கக் கூடாது. அப்பாவின் செல்போனையும் தொடக் கூடாது!

எழுதியாயிற்றா? கரும்பு, இரும்பு, எறும்பு... இந்த மூன்றும் எல்லாருடைய தாளிலும் இருக்கும். அதன்பின் திரும்பு, விரும்பு என்று இரண்டு வந்திருக்கும். பிறகு பென்சில் வாய்க்குப் போயிருக்கும். சரிதானே? மொத்தம் ஆறோ ஏழோ எழுதியிருந்தால் நல்ல முயற்சிதான். ஆனால், நான் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஐந்தாறைத் தவிர மற்றவை நீங்கள் கேட்டுப் பழகிய சொற்கள்தான். தெரிந்த சொல் ஏன் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது? அதை எப்படி வரவழைப்பது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் உங்கள் தாளை ஒரு முறை திருத்திக்கொள்ளுங்கள். பாம்பு, வேம்பு என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவை மூன்றெழுத்துச் சொற்கள். பா-ம்-பு. புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்துதான், அதற்கும் தனிக் கட்டம் உண்டு. ‘கொ’ என்பதை எழுதும்போது கொம்பு, ‘க’, கால் என்று மூன்று துண்டாக எழுதுகிறோம். ஆனால், அது ஓரெழுத்து, ஒரே கட்டம். ‘பள்ளிக்கூடம்’ எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்கள். ப, ள், ளி, க், கூ, ட, ம். ஏழு!

இந்தக் கணக்கில் கம்ப்யூட்டரே தடுமாறும், தெரியுமா? யூனிகோடு முறையில் ‘அம்மா’ என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் ஐந்து குறிகளாகச் சேமித்து வைக்கிறது. அ, ம, ஒரு புள்ளி, இன்னொரு ம, ஒரு கால். தமிழ் எழுத்துக்கணக்குச் சொல்லித்தரப்படாத புரோகிராம் ‘அம்மா’வுக்கு ஐந்தெழுத்து என்றுதான் விடை தரும். மூன்று என்று சொல்லும் இரண்டாம் வகுப்புக் குழந்தை அதைவிடக் கெட்டி.

61,009 சோதனைகள்!

சரி, காலிக் கட்டத்துக்கு வருவோம். தமிழில் மொத்தம் 247 எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. முதல் கட்டத்தில் 247-ல் ஏதோ ஒன்று. இரண்டாவது கட்டத்திலும் 247-ல் ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் 247 பெருக்கல் 247, அதாவது 61,009 ஜோடிகள். ஒரு ஜோடிக்கு ஒரு விநாடி என்றால்கூட சாப்பிடாமல் தூங்காமல் ஏறத்தாழ 17 மணி நேரம் உட்கார வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகுமா?

ஆகாது. அப்படித் தேடவும் தேவையில்லை. ஏனென்றால், தமிழில் எல்லா எழுத்தும் எல்லா இடத்திலும் வந்து உட்காருவதில்லை. பஸ்ஸில் டிரைவர் இருக்கை, கண்டக்டர் இருக்கை என்று இருப்பதுபோல எழுத்துகளுக்கும் இடம் உண்டு. தொல்காப்பியத்தில் ‘மொழிமரபு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிற்காலத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலும் இதைச் சொல்கிறது. மேல்வகுப்புக்குப் போனால் மதிப்பெண்ணுக்காக இதைப் படிப்பீர்கள். இப்போது விளையாட்டுக்காகத் தெரிந்துகொள்வோம். விளையாட்டுக்காகப் படித்தது சீக்கிரம் மறக்காது!

முதல் கட்டத்தைப் பாருங்கள். புள்ளி எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வராது. அந்தப் பதினெட்டும் போயிற்று. ஆய்தமும் போயிற்று. அடுத்து ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இந்த எட்டுக் குடும்பமும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. குடும்பத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றால் 96 எழுத்து அவுட்! ‘ரயில்’ வருகிறதே, ‘லட்டு’ வருகிறதே, ‘டம்ளர்’ வருகிறதே என்று கையைத் தூக்குகிறீர்களா? அவையெல்லாம் வேறு மொழியிலிருந்து வந்த விருந்தாளிகள். அதனால்தான் சில புத்தகங்களில் ‘இராமன்’, ‘இலட்சம்’ என்று முன்னால் ஓர் ‘இ’ போட்டு எழுதுகிறார்கள். வாசலில் நிற்கும் விருந்தாளியை ‘இ’ கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருகிறது!

‘ங’ குடும்பத்தையும் விட்டுவிடலாம். நன்னூல் அதற்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தாலும் நாம் பேசும் சொல் எதுவும் அதில் தொடங்குவதில்லை. ஆக, 247-ல் மிச்சம் 120 எழுத்து. பாதிக்கும் மேல் கழிந்துவிட்டது.

இரண்டாவது கட்டம்? அங்கே அ, ஆ, இ, ஈ போன்ற உயிரெழுத்து வராது. தமிழ்ச் சொல்லில் உயிர் தனியாக நிற்பது முதல் இடத்தில்தான். செய்யுளில் ஓசைக்காக நடுவில் வருவதுண்டு, அது வேறு கதை. அடுத்த கட்டத்தில் ஏற்கெனவே ‘ம்’ என்று ஒரு புள்ளி எழுத்து இருப்பதால், அதற்கு முன்னால் இன்னொரு புள்ளி எழுத்தும் இந்த இடத்தில் ஒட்டாது. ஆகவே, இரண்டாவது கட்டத்தில் உயிர்மெய்தான் வர முடியும்.

இனிமேல்தான் வேடிக்கை. நீங்கள் எழுதிய சொற்களில் இரண்டாவது எழுத்தை மட்டும் வட்டமிடுங்கள். கரும்பில் ‘ரு’. இரும்பில் ‘ரு’. எறும்பில் ‘று’. எலும்பில் ‘லு’. குழம்பில் ‘ழ’. உடம்பில் ‘ட’. கிளம்பு என்பதில் ‘ள’. இந்த எழுத்துகளை இப்போதுதானே எங்கேயோ பார்த்தோம்?

ஆமாம்! முதல் கட்டத்துக்கு வரக் கூடாது என்று நாம் துரத்திவிட்டோமே, அதே ட, ர, ல, ழ, ள, ற குடும்பங்கள்தான். வாசலில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் இரண்டாவது கட்டத்தில் வந்து குவிந்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சொற்களில் முதல் எழுத்தும் குறில், இரண்டாம் எழுத்தும் குறில். இரண்டாம் எழுத்து ‘அ’, ‘இ’, ‘உ’ என்ற மூன்று ஓசைகளில் ஒன்றில் முடிகிறது. அப்படியானால் கணக்கை மறுபடி போடுவோமா? முதல் கட்டத்துக்கு அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து. க, ச, த, ந, ப, ம, வ குடும்பங்களின் குறில்கள் 35. அதில் ‘வு’, ‘வொ’ இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, கழித்தால் 33. ஞ, ய குடும்பங்களில் குறிலில் தொடங்கும் சொல் அபூர்வம், விட்டுவிடுவோம். மொத்தம் 38. இரண்டாவது கட்டத்துக்கு ஆறு குடும்பம், மூன்று ஓசை, 18. பெருக்கினால் 684.

61,009 எங்கே, 684 எங்கே! ஒரு ஜோடிக்கு ஒரு விநாடி என்றால் 11 நிமிடம் 24 விநாடி. அம்மா தோசை வார்த்துக்கொண்டு வருவதற்குள் முடித்துவிடலாம்.

எப்படி முடிப்பது? இரண்டாவது கட்டத்தில் ‘ரு’வை வைத்துக்கொண்டு முதல் கட்டத்தில் அ, இ, உ என்று ஆரம்பித்து, க, கி, கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். வாய்விட்டுச் சொல்வது முக்கியம். கண்ணுக்கு நினைவில்லாத சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். அரும்பு... இரும்பு... கரும்பு... சுரும்பு... (சுரும்பு என்றால் வண்டு. பழைய பாட்டுகளில் வரும்.) திரும்பு... துரும்பு... விரும்பு. ஏழு கிடைத்தன. அடுத்து ‘ர’. நரம்பு, நிரம்பு, பரம்பு, பிரம்பு, வரம்பு. ஐந்து. பிரம்பு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், நாற்காலி பின்னுவதும் பிரம்பில்தான்!

பரம்பு என்றால் என்ன?

பரம்பு என்ற சொல்லை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இதே ஆட்டம் வைத்தேன். பதினான்கு சொல்லோடு வகுப்பு நின்றுவிட்டது. கடைசி வரிசையில் ஒரு பையன். பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அதனால் வாயே திறக்க மாட்டான். அவன் மெதுவாக, “பரம்பு” என்றான்.

வகுப்பே சிரித்தது. “அப்படி ஒரு சொல்லே கிடையாது டீச்சர்!” என்று முதல் வரிசையிலிருந்து குரல். எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சொன்னவர் பொருள் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் சொல் செல்லும். அவன் எழுந்து நின்று, “பலகை டீச்சர். நாத்து நடறதுக்கு முன்னாடி சேத்து வயலை மட்டம் பண்றதுக்கு மாட்டுல பூட்டி இழுப்பாங்க. எங்க அப்பா பரம்பு அடிக்கிறப்ப வெயிட்டுக்கு என்னை மேல உக்கார வெச்சுக்குவாரு” என்றான்.

சிரிப்பு நின்றது. கரும்பலகையில் பதினைந்தாவது சொல்லாக ‘பரம்பு’ ஏறியது. பிறகு அவன் நிறுத்தவே இல்லை. “உடும்பு” என்றான், வேலியோரம் பார்த்தானாம். “தழும்பு” என்றான், அரிவாள் பட்ட சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். அன்றைக்கு இடைவேளையில் முதல் வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, பரம்பின் மேல் உட்கார்ந்து போனால் எப்படி இருக்கும், சேறு முகத்தில் அடிக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பல ஊர்களில் அந்த வேலையை டிராக்டர் செய்துவிடுகிறது. பலகை போனால் சொல்லும் கூடவே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், பட்டியல் போடும்போது பாடப்புத்தகத்தில் வந்த சொல்தான் சொல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில், அப்பாவின் பட்டறையில், பாட்டியின் அஞ்சறைப் பெட்டியில், மீன் சந்தையில் புழங்குகிற சொல் எல்லாம் செல்லும். பொருள் சொல்லத் தெரிந்தால் போதும்.

மிச்சப் பட்டியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘று’ வைத்து எறும்பு, குறும்பு. ல குடும்பத்தில் சிலம்பு, புலம்பு, அலம்பு, எலும்பு. ழ குடும்பத்தில் குழம்பு, தழும்பு. ‘கொழும்பு’ என்று எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால், அது இலங்கையில் உள்ள ஊர். ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லுமா செல்லாதா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் சண்டைதான்! ள குடும்பத்தில் கிளம்பு, தளும்பு, விளிம்பு. ‘நிறைகுடம் தளும்பாது’ என்கிறோமே, அந்தத் தளும்பு. ட குடும்பத்தில் உடம்பு, உடும்பு, கடம்பு (ஒரு மரம்), குடும்பு.

குடும்பா? ‘ம்’ சேர்த்துக் குடும்பம் என்று எழுத மறந்துவிட்டேன் என்று பார்க்கிறீர்களா? இல்லை, குடும்புதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊர்ச் சபைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஊரை 30 பகுதியாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குடவோலை முறை என்று சமூக அறிவியல் பாடத்தில் வரும். அந்த 30 பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் பெயர்தான் குடும்பு. இப்போது ‘வார்டு’ என்கிறோமே, அதேபோல. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சொல் உங்கள் நான்கு கட்டத்துக்குள் பொருந்தி உட்காருகிறது பாருங்கள்!

நம் 684-க்குள் அகப்படாமல் வலையில் ஓட்டை கண்டுபிடித்துத் தப்பிய மீன்களும் உண்டு. ததும்பு, வெதும்பு, விசும்பு, இயம்பு. வெதும்பு என்றால் சூட்டில் வாடு. விசும்பு என்றால் தேம்பி அழு, வானம் என்றும் பொருள் உண்டு. இயம்பு என்றால் சொல். இவற்றில் இரண்டாம் எழுத்து து, சு, ய. வேறு ஏதாவது தப்பித்திருக்கிறதா என்று நீங்கள்தான் தேட வேண்டும்.

அடுத்து யார்?

இனி வேறு புதிர்களுக்கும் உதவுகிற ஒரு சங்கதி. புள்ளி எழுத்தைக் கண்டால் பயப்படாதீர்கள், அதுதான் உங்கள் உளவாளி. அடுத்த கட்டத்தில் யார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ‘ங்’ வந்தால் அடுத்தது பெரும்பாலும் க குடும்பம். ‘ஞ்’ வந்தால் ச. ‘ந்’ வந்தால் த. இரண்டாம் கட்டத்தில் ‘ங்’, நான்காம் கட்டத்தில் ‘ம்’ கொடுத்தால் மூன்றாம் கட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். தங்கம், சங்கம், சிங்கம், அங்கம், பொங்கும், தூங்கும் என்று கொட்டும்.

க், ச், த், ப் என்ற நான்கும் பெரிய பிடிவாதக்காரர்கள். தன் குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டார்கள். பக்கம், பச்சை, பத்து, பாப்பா. ‘பக்தி’யில் ‘க்’ பக்கத்தில் ‘தி’ இருக்கிறதே என்றால், அது வடமொழியிலிருந்து வந்த சொல். ர, ழ இரண்டும் இதற்கு நேர் எதிர். அவை தம் குடும்பத்தோடு சேரவே சேராது. ‘ர்ர’ என்றோ ‘ழ்ழ’ என்றோ ஒரு தமிழ்ச் சொல் காட்டுங்கள் பார்ப்போம்!

கடைசிக் கட்டத்துக்கும் சட்டம் உண்டு. க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்யும் தமிழ்ச் சொல்லின் முடிவில் வராது. நீங்கள் கிரிக்கெட் ஆடும் ‘பேட்’ ட்-ல் முடிகிறது. பிறந்தநாளுக்கு வெட்டும் ‘கேக்’ க்-ல் முடிகிறது. இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. உங்கள் பாட்டி அவற்றை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ‘பேட்டு’, ‘கேக்கு’ என்பார். சிரிக்காதீர்கள். பாட்டி தொல்காப்பியச் சட்டப்படி பேசுகிறார்!

ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. ‘க்யூ’ என்ற எழுத்து வந்தால் அடுத்தது பெரும்பாலும் ‘யூ’தான். அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செய்தித்தாளை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணி ஒரு விளையாட்டு உருவாக்கினார். அதுதான் ‘ஸ்க்ராபிள்’. ஆங்கில ஆட்டத்தில் 100 வில்லைகள். அடிக்கடி வரும் ‘ஈ’க்கு 12 வில்லை, ஆனால் ஒரு மதிப்பெண்தான். அபூர்வமான ‘க்யூ’வுக்கு ஒரே வில்லை, பத்து மதிப்பெண். தமிழில் 247 எழுத்துக்கும் வில்லை செய்தால் பையைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். நமக்குத் தாளும் பென்சிலும் போதும்.

தாளும் பென்சிலும்கூட இல்லாத ஆட்டம் ஒன்று சொல்லட்டுமா? பஸ்ஸில் போகும்போது ஆடலாம். மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எடுத்து ஓரெழுத்தைக் கழிப்பது. ‘கடல்’ என்பதில் நடு எழுத்தை எடுத்தால் ‘கல்’. ‘பகல்’ என்றால் ‘பல்’. ‘விரல்’ என்றால் ‘வில்’. ‘பாடல்’ என்றால் ‘பால்’. இவை எளிது. இரண்டு விதமாகக் கழித்தாலும் சொல் வருவதுதான் கஷ்டம். ‘குதிரை’யில் முதல் எழுத்தை எடுத்தால் ‘திரை’, நடு எழுத்தை எடுத்தால் ‘குரை’. குதிரைக்குள் நாய் குரைக்கிறது! ‘தாமரை’யில் முதல் எழுத்தை எடுத்தால் ‘மரை’, ஒரு வகை மான். நடு எழுத்தை எடுத்தால் ‘தாரை’. இப்படி எழுத்தைக் கழித்துக் கழித்துப் பொருள் சொல்வதைப் புலவர்கள் செய்யுளிலேயே செய்திருக்கிறார்கள். ‘அக்கரச்சுதகம்’ என்று அதற்குப் பெயர். தண்டியலங்காரம் என்ற இலக்கண நூலில் இருக்கிறது. அக்கரம் என்றால் எழுத்து. பெயர்தான் பயமுறுத்துகிறது, ஆட்டம் குதிரையும் தாமரையும்தான்.

உங்களுக்கு இரண்டு புதிர்.

மூன்று கட்டம். இரண்டாவதில் ‘ண்’, மூன்றாவதில் ‘டு’. முதல் கட்டம் மட்டும் காலி. வண்டு, நண்டு என்று நான் தொடங்கி வைக்கிறேன். இன்னும் பத்தாவது எழுத வேண்டும். இந்த முறை நெடிலும் வரும், கவனம்.

அடுத்தது கழித்தல் புதிர். மூன்றெழுத்துச் சொல். முழுதாக இருந்தால் பாரதியார் எழுதியது. நடு எழுத்தை எடுத்தால் பாட்டி சொல்வது. முதல் எழுத்தை எடுத்தால் மண்ணில் ஊன்றுவது. முழு விடை இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை, தேட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.